இத்தாலி ஓட்டலில் வெள்ளியங்கிரி பேசிய பேரம்

“எனக்கு அந்த ஓட்டலைக் கைகாட்டின புண்ணியவான் இந்தக் கூட்டத்துலதான் நிக்கறான். பேரைச் சொல்ல மாட்டேன். எம்பட குடும்பத்துல கொள்ளி வெச்சுப்போட்டு, ஒண்ணுந் தெரியாத மாதிரி டீ உறிஞ்சறான்!”

பொள்ளாச்சி மாட்டுச்சந்தைக்கு எதிரே, பழனாத்தாள் டீக்கடையில் ஏழெட்டுத் தலைகள் சட்டென்று தம்ளருக்குள் குனிந்தன. கத்தியவர் தரகர் வெள்ளியங்கிரி. பள்ளிக்கூடம் பார்க்காதவர், ஏமாந்து ஏமாந்தே பேரம் கற்றவர். கோபம் வந்தால் தோளில் கிடக்கும் துண்டு தானாகத் தலைக்கு ஏறிவிடும். இப்போது ஏறியிருந்தது.

கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர் மனைவி தெய்வாத்தாள் எதுவும் கேட்டதில்லை. இந்தக் கல்யாண நாளுக்குத்தான் வாய் திறந்தாள். மேசை போட்ட கடையில், நீங்களும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து, அவசரமில்லாமல் ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்றாள். சந்தையில் ஒருவன் சொன்னான் என்று கோயமுத்தூரில், ஊருக்கு ஊர் கிளை போட்டிருக்கும் ஓர் இத்தாலி ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். போய் வந்து நாலு நாளாகிறது. தெய்வாத்தாள் அவரிடம் ஒரு சொல் பேசவில்லை.

“தட்டு வந்துச்சு பாருங்க. ரெண்டு சோடி எருதைக் கட்டி ஏர் ஓட்டலாம், அத்தன அகலம்! நடுவுல பாத்தா ஒரு கொத்து சேமியா. தட்டு ஓரத்துல இருந்து அதுக்கிட்டப் போய்ச் சேர்றதுக்குள்ள எனக்கு ரெண்டு தடவை பசிச்சுப்போச்சு.”

“வெந்திருந்துச்சுங்களா மாமா?” என்றான் இன்னொரு தரகனான ஆறுச்சாமி.

“வெந்திருந்தா நான் ஏண்டா கத்தறேன்? ஒரு இழையை எடுத்து இழுத்தேன். வருது, வருது, வந்துட்டே இருக்குது. கீழே வண்டி நிறுத்தற எடத்துல ஒரு லாரி பள்ளத்துல மாட்டிக் கெடந்துச்சு. அந்த இழையைத்தான் மாட்டிவுட்டேன். எட்டுப் பேரு இழுத்தோம். லாரி வந்துருச்சு, சேமியா அறுகலை!”

“லாரியில லோடு இருந்துச்சுங்களா?”

“சிமிட்டி மூட்டை, மாப்ளே. முந்நூறு!”

பழனாத்தாள் பால் சட்டியைக் கிளறியபடி, “தின்னறதுக்கு வேறெதுவும் தரலியாப்பா?” என்றாள்.

“வட்டமா ஒரு ரொட்டி. மேல சீஸு. ஒரு துண்டைக் கடிச்சேனக்கா, அந்தச் சீஸு நூலாட்ட நீளுது. கடிச்ச வாயோட பஸ் ஏறிப் பொள்ளாச்சியில எறங்கறேன், நூலு இன்னும் அறுகலை. வழியில கிணத்துக்கடவுக்காரங்க அதுல வேட்டி காயப்போட்டிருந்தாங்க!”

“நேத்து அந்த வழியாத்தான மாமா வந்தேன்? என் கண்ணுல படலியே?”

“நீ வர்றதுக்குள்ள எறும்பு தூக்கிட்டுப் போயிருச்சு.”

யாரோ புரையேறி இருமினார்கள். வெள்ளியங்கிரிக்கு அதுவே போதும். பெஞ்சின் மேல் ஏறி நின்றார்.

“பேரத்தை விட்டுட்டனே! சர்வரு வந்தான், எம் மடியில ஒரு துணியை விரிச்சான். நம்ம சந்தையில கை மேல துணியைப் போட்டா என்னடா அர்த்தம்?”

“பேரம்!” என்றது கடை.

“ஆங்! தொழில் தெரிஞ்சவன்னு நெனச்சு, துணிக்கடியில அவன் கையைப் புடிச்சேன். நாலு வெரலை அமுக்கினேன். தட்டுக்கு நாலு கரண்டி போடுன்னு அர்த்தம். அவன் முழிக்கறான். சமையக்காரன் வந்தான், மேனேஜர் வந்தான். எல்லாரு கையையும் புடிச்சேன். கடைசியில இத்தாலியில இருக்கற மொதலாளிக்கே போனைப் போட்டாங்க. அவன் அங்க துண்டைப் போட்டான், நான் இங்க துண்டைப் போட்டேன்.”

“போன்ல எப்படிங்க மாமா வெரலைப் புடிச்சீங்க?”

“புடிச்ச புடியில அவன் மோதரம் நசுங்கிப்போச்சுடா! ‘அய்யா, விட்டுருங்க, எங்கூருக்கு வந்து எங்காளுகளுக்கும் இதைச் சொல்லிக்குடுங்க’ன்னு அழுதுட்டான்.”

“சரி, ஜெயிச்சே. மேசைக்கு என்ன வந்துச்சு?” என்றாள் பழனாத்தாள்.

வெள்ளியங்கிரி துண்டை எடுத்து உதறினார். குரல் ஒரு படி இறங்கியது. “நாலு சூப்பு. நாலு வெரலுக்கு நாலு சூப்புன்னு நெனச்சுட்டான் மடையன். தெய்வாத்தா சூப்பே குடிக்க மாட்டா.”

“அவ என்னதான் தின்னா?”

“பட்டுச்சேலையோட வூட்டுக்கு வந்து, மோருஞ்சோறும் கரைச்சுக் குடிச்சா.”

“அங்க அவளோட என்ன பேசினே?”

“பேசறதா? எனக்கு எங்கக்கா நேரம்? ஒரு கை சர்வருகிட்ட, ஒரு கை மேனேஜருகிட்ட...”

பழனாத்தாள் பால் கிளறுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். வெள்ளியங்கிரியின் காது மடல் சிவந்தது. பெஞ்சிலிருந்து இறங்கினார். உடனே மறுபடியும் ஏறினார்.

“டேய்! அந்தக் கடையைச் சொன்னவனே! உம் பேரைச் சொல்லலை, ஆனா இன்னிக்கு எங்கூட்டுக்கு வந்தாகோணும். தெய்வாத்தா முன்னால நின்னு, ‘தப்பு எம்மேலதானுங்க அம்மிணி’ன்னு சொல்லு. அவளை ஒரே ஒரு வார்த்தை பேச வெச்சுரு. என்னைத் திட்டற வார்த்தையா இருந்தாலும் பரவாயில்லடா... வாடா!”