அங்கேயே நில்லு

தீர்ப்புச் சொல்ல ஆசையுள்ளவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நஞ்சம்மாளையே திணற வைத்த வழக்கு இது.

காவிரிக் கரையில் ஒரு பரிசல் துறையில் மீன் வறுத்து விற்பவள் நஞ்சம்மாள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாருக்குள் சண்டை என்றாலும் அவள் கடைக்குத்தான் வருவார்கள். அவள் யாருக்கும் புத்தி சொல்லமாட்டாள். இரண்டு மணைகளை எதிரெதிரே போட்டு, இடம் மாறி உட்காரச் சொல்வாள். இவன் அவனாகிவிட வேண்டும். அவன் மனக்குறையை ‘நான், எனக்கு’ என்று தன் வாயால் சொல்ல வேண்டும். குறைக்கு உரியவன் “ஆமா, இதேதான்” என்று ஒப்புக்கொள்ளும் வரை மணையை விட்டு எழ முடியாது. வந்தவர்களுக்கு வாய் ஓய்ந்துபோகும். ஆனால் சேர்ந்தே வீடு திரும்புவார்கள்.

போன ஆடியில், அதே துறையில் குடியிருக்கும் மாதம்மாளின் ஒரே மகன் சென்றாயன் மறுகரைப் பாறையில் பரிசலுக்குக் காத்திருந்தான். பரிசலில் இடமில்லை. “அங்கேயே நில்லு, இதோ வரேன்” என்று சொல்லிவிட்டுப் பரிசல்காரன் கெம்பன் இக்கரைக்கு வந்தான். அதற்குள் ஆறு பெருகிவிட்டது. கெம்பன் திரும்பிப் போகவில்லை. பாறை முழுகியது. பையனின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

இந்த ஆடி பிறந்ததிலிருந்து, அந்தி சாய்ந்தால் மறுகரையிலிருந்து ஒரு குரல் வருகிறது. “பரிசலோய்!” சென்றாயன் குரலேதான். துறையில் எல்லோருக்கும் கேட்கிறது. கேட்டதும் கெம்பன் பரிசலைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். மாதம்மாளோ கெம்பனைச் சபித்துக்கொண்டு, “வந்துட்டேன் சாமி” என்று ஆற்றில் இறங்குவாள். முதலில் முழங்கால் வரை இறங்கினாள். நேற்று மார்பளவு. நஞ்சம்மாள்தான் தலைமுடியைப் பிடித்து இழுத்துவந்தாள். இன்று மேலே அணையைத் திறந்துவிட்டார்களாம், விடிந்தால் வெள்ளம். நாளை அந்தியில் அவள் இறங்கினால் யாராலும் இழுத்துவர முடியாது. நஞ்சம்மாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருவரையும் வரவழைத்து மணையைப் போட்டாள்.

மாதம்மாளாகி முதலில் பேசியவன் கெம்பன். “எம்புள்ள சொன்ன பேச்சு கேக்கறவன். நில்லுன்னதும் நின்னான். மேட்டுக்கு ஓடியிருந்தா பொழச்சிருப்பான்.”

“ஆமா, இதேதான்” என்றாள் மாதம்மாள்.

பிறகு அவள் கெம்பனானாள். “பரிசல்ல கைக்கொழந்தைக்காரிங்க இருந்தாங்க. அவங்கள எறக்கிட்டு மறுபடி துடுப்ப எடுத்தேன். தண்ணியப் பாத்ததும் கீழ போட்டுட்டேன். செத்துருவோம்னு பயந்துட்டேன்.”

கெம்பன் குலுங்கிக் குலுங்கி அழுதான். “ஆமாக்கா, இதேதான்.” ஒரு வருஷமாக அவன் முகத்தில் விழிக்காதவள், எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சண்டை தீர்ந்துவிட்டது.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. மாதம்மாள் சொம்பைப் போட்டுவிட்டு ஆற்றைப் பார்த்து ஓடினாள்.

நஞ்சம்மாள் பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவதாக ஒரு மணையை இழுத்துப் போட்டாள். “இது உம்மவன் எடம். அவனா உக்காந்து பேசு.”

மாதம்மாள் உட்கார்ந்தாள். “அம்மா, தனியா இருக்கேன். எங்கிட்ட வந்துரு.”

நஞ்சம்மாள் சட்டென்று அவளை எழுப்பிக் கெம்பனை உட்கார வைத்தாள். அவன் சொன்னான்: “கெம்பண்ணா, உம்மேல எனக்குக் கோவமில்ல.”

கடைசியில், அதுவரை எந்த வழக்கிலும் மணையில் உட்காராத நஞ்சம்மாளே அதில் உட்கார்ந்தாள். “அம்மா, நான் நல்லா இருக்கேன். நீ ஊட்டுக்குப் போ. இனிமே ஆத்துல எறங்காத.” மாதம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மறுகரை அமைதியாக இருந்தது. மூவரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது சொல்லுங்கள்: சென்றாயனின் இடத்தில் உட்கார்ந்து சரியாகப் பேசியது யார்?

நஞ்சம்மாள் என்று சொன்னால் உங்களுக்கு நல்ல மனசு. ஆனால் உரியவன் ஒப்புக்கொள்ள வேண்டுமே! அவன் பதில் வந்தது: “பரிசலோய்!” மூவருமே சரியாகப் பேசவில்லை. பெற்றவள் தன் ஏக்கத்தைத்தான் பேசினாள். கெம்பன் பேசியது தனக்கு வேண்டிய ஆறுதல். நஞ்சம்மாளோ, அவ்வளவு பேருக்கு நியாயம் கற்றுக்கொடுத்தவள், தன் பயத்தைப் பிள்ளையின் வாயில் வைத்துவிட்டாள். அவள் வெட்கத்தோடு மணையை விட்டு எழுந்தாள். “அவன் பரிசலைத்தானே கூப்புடறான், கெம்பா? நில்லுன்னு சொன்னவன் இன்னும் வரலியே” என்றாள். கெம்பன் பரிசலை நிமிர்த்தினான். மாதம்மாளும் ஏறிக்கொண்டாள். போனவர்கள் திரும்பி வரும்போது, அவள் இன்னோர் ஆளுக்கு இடம் விட்டு ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். பரிசல் போனபோது இருந்ததைவிடத் தண்ணீரில் தாழ்ந்து வந்ததைக் கரையில் நின்ற நஞ்சம்மாள் பார்த்தாள். கரை தட்டியதும் கெம்பன் துடுப்பை வைத்துவிட்டு, அந்தக் காலி இடத்தை நோக்கிக் கையை நீட்டினான். “எறங்குடா சென்றாயா, கரை வந்துருச்சு” என்றான்.