நிற்காத புரோகிராம்

"நான் எழுதினது தப்பே இல்லை மேடம். டெஸ்ட் எல்லாம் பாஸ். அப்புறம் ஏன் இப்படி ஆச்சு?"

கேட்கும்போதே ஜெசிந்தாவுக்குத் தன் குரல் பொய்யாகப் பட்டது.

ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதும் அலுவலகம் அது. அவளுக்கு அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவள் திலகேஸ்வரி.

காலையில்தான் சேதி வந்திருந்தது. ஊசி போட்டதும் ஒரு பெண் குழந்தைக்கு உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டி, இப்போது தீவிர சிகிச்சையில் கிடக்கிறது. அந்த மருந்து அதற்கு ஆகாது. ஜெசிந்தா எழுதிய புரோகிராமின் திரையிலோ, 'ஒவ்வாமை: இல்லை' என்று இருந்ததாம்.

"அட்மிஷன்ல அந்த ஒவ்வாமைக் கட்டத்துல என்ன போட்டிருந்தாங்க?"

"ஒண்ணும் போடலை. காலியா விட்டிருக்காங்க. அவங்க அம்மாகிட்ட யாருமே கேட்கலை போல."

"காலியா இருந்தது எப்படி 'இல்லை' ஆச்சு?"

ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள்.

"காலிக் கட்டம்னா டேட்டாபேஸ்லேர்ந்து 'நல்'னு, அதாவது எதுவும் பதிவாகலைன்னு வரும். அது வந்தாலே புரோகிராம் பாதியில நின்னுடும். நிக்காம இருக்கணும்னு, நல் வந்தா 'இல்லை'ன்னு எடுத்துக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன்."

"அதுக்கப்புறம் நிக்கவே இல்லையே. அதைக் கொண்டாட எல்லாருக்கும் லட்டு வேற கொடுத்தே."



திலகேஸ்வரி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"உன் பையன் எப்படி இருக்கான்?"

"காலையில உடம்பு சுட்டது மேடம். அவர் லீவு போட்டுப் பார்த்துக்கறார்."

"இப்போ?"

"தெரியலை."

"போன் போடு."

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். யாரும் எடுக்கவில்லை.

திலகேஸ்வரி எழுந்து போய் வெள்ளைப் பலகையில் பையன் பெயரை எழுதினாள். அதன் கீழே, 'காய்ச்சல்:' என்று எழுதிவிட்டுத் திரும்பினாள்.

"பதில் வரலையா?"

"வரலை மேடம்."

"சரி, 'இல்லை'ன்னு போட்டுடறேன். நமக்கும் வேலை ஓடணுமே."

மார்க்கர் பலகையைத் தொடுவதற்குள் ஜெசிந்தா ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, நில்லுங்க மேடம்! கேட்டுட்டு எழுதுங்க."