பாவாயி ஜீப்புக்கு நடுப்பெட்டி

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. அந்தக் கோடியில உக்காந்தா பாதிதான் காதுல விழும். அப்புறம் மீதிய நீங்களா இட்டுக்கட்டிச் சொல்லுவீங்க, கெட்ட பேரு எனக்கு வரும். ஆ, அப்படி. காலை மடக்கிக்கங்க, கதை பெருசு.

நாமக்கல் பக்கம் லாரிக்கு பாடி கட்டற பட்டறைக எத்தனையோ இருக்குதுங்க. அதுல ராக்கியண்ணன் பட்டறைன்னா ரெண்டுக்குப் பேரு. ஒண்ணு வேலை. அவர் கை பட்டா மரமும் ஃபைபரும் கூடப் பொறந்ததுக மாதிரி ஒட்டிக்கும். இன்னொண்ணு புளுகு.

அந்தப் பட்டறைக்கு ஒரு சட்டம் வச்சிருந்தார். வண்டி விட வர்றவங்க அவர் கதைய உக்காந்து கேக்கோணும். கேக்கறப்ப "பொய்"னு சொல்லிட்டா அவங்க வண்டி வரிசையில கடைசிக்குப் போயிரும். வந்தவங்களே ஒரு கதை சொல்லி, அவர் வாயில இருந்து "பொய்"யை வரவழைச்சுட்டா, அவங்க வண்டிதான் மொதல்ல உள்ள போகும். ஆனா அந்தச் சொல்லு அவர் வாயில வந்ததே இல்லைங்க. எமனே நேர்ல வந்து "நான் உன் சித்தப்பன்"னு சொன்னாலும், "இருக்கும், மூக்குல சாயல் தெரியுது"ம்பார்.

இப்ப பாவாயிக்கு வாரேன். கொல்லிமலை அடிவாரத்துல ஜீப்பு ஓட்டறவ. மலைக்கு ஆளேத்திக்கிட்டுப் போயி எறக்கிட்டு வாரதுதான் பொழப்பு. அவ ஜீப்புல முன் சீட்டு ரெண்டுக்கும் நடுவுல, கியர் ராடைச் சுத்தி இருந்த தகரம் துருப்பிடிச்சு உதுந்துபோச்சு. கீழ ரோடு தெரியும். இஞ்சின் சூடு மேல அடிச்சு முன்னால உக்காந்தவங்க காலு வெந்துபோகும். அந்த எடத்துல மரச்சட்டம் போட்டு, மேல ஃபைபர் இழைச்சு ஒரு நடுப்பெட்டி கட்டோணும். முழங்கை வைக்க ஒரு மெத்தை, டம்ளர் வைக்க ஒரு குழி, சாமான் போட ஒரு பொந்து. கார்க்காரங்க அதைத்தான் கன்சோலுங்கறாங்க.

மலையில மிளகுப் பறிப்பு தொடங்கறதுக்குள்ள அது ஆகலைன்னா, அத்தனை சனமும் அவளுக்குப் போட்டியா ஓட்டற பரமு புதுசா வாங்கின ஜீப்புக்குப் போயிரும். பாவாயி ஏற்கனவே ரெண்டு தடவை பட்டறைக்கு வந்து, ரெண்டு தடவையும் கதை பாதி போறப்பவே "பொய்யி!"னு கத்திட்டு, வரிசை வாலுக்குப் போனவ. இந்தத் தடவை வாய் தொறக்கவே கூடாதுன்னு ஒரு கட்டி வெல்லத்தை அடக்கிக்கிட்டு வந்து உக்காந்தா.

அன்னிக்கு ஆயுத பூஜை. இழைப்புளி, மரம் அறுக்கற வாள், சுத்தியல், உளி, ரெசின் பசை தடவற பிரஷ்ஷு வரைக்கும் கழுவி, சந்தனம் குங்குமம் வச்சு, அம்மன் படத்துக்கு முன்னால அடுக்கியாச்சு. மறுநாள் விடிஞ்சு பூசை போட்டு எடுக்கற வரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது. கைக்கு வேலை இல்லைன்னா வாய் சும்மா இருக்குமா? பொரிகடலைத் தட்டை மடியில வச்சுக்கிட்டு ராக்கியண்ணன் ஆரம்பிச்சார். எதிர்ல பாவாயி, பட்டறை பெயிண்டர் சீரங்கன், அப்புறம் வரிசையில மொத லாரிக்குச் சொந்தக்காரர் வையாபுரி.

"நடுப்பெட்டிதானே அம்மிணி கேட்ட? ஒரு மிராசுதாரர் காருக்கு நான் செஞ்சேன் பாரு, அதுதான் பெட்டி. வேங்கைப் பலகையில சட்டம். இழைச்ச இழைப்புல ஒரு ஈ வந்து உக்காந்துச்சு. வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிஞ்சுபோச்சு. புத்தூர்ல மாவுக்கட்டு போட்டுக் கூட்டியாந்தோம்."

"ஈக்குங்களாண்ணே?"ன்னான் சீரங்கன்.

"பின்ன எனக்கா? சின்னக் கட்டுதான். அப்புறம் ஃபைபர் பாயை விரிச்சு ரெசின் ஊத்தறேன். இறுக வைக்கற மருந்து துளியூண்டு கூடிப்போச்சு. கூடுனா சூடாகும்னு உங்களுக்குத் தெரியும். ஆனா இது எப்படிச் சூடாச்சு? பக்கத்துத் தெரு கல்யாண வீட்டுக்காரங்க வந்து, 'ராக்கியண்ணா, கேஸு தீந்துபோச்சு'ன்னு அண்டாவத் தூக்கி அது மேல வச்சுட்டாங்க. சோறு, சாம்பார், பாயாசம், எல்லாம் அந்தச் சூட்டுலதான். பந்தி முடிஞ்சும் ஆறலை. மாப்பிள்ளை வேட்டியக் காயப் போட்டாங்க."

வையாபுரி பொரிய மென்னுக்கிட்டே கூரையப் பாத்தார். பாவாயி வெல்லத்தை இந்தக் கன்னத்துல இருந்து அந்தக் கன்னத்துக்கு மாத்தினா.

"ஆறினதுக்கு அப்புறந்தான் பாக்கறேன், அச்சுல மெழுகு தடவ மறந்துட்டேன். மெழுகு இல்லாம ஃபைபர் போட்டா அச்சும் பெட்டியும் சேந்துக்கும், உசுரு போனாலும் வராது. ஒரு லாரியக் கட்டி இழுத்தேன். லாரி ரெண்டா வந்துச்சு, பெட்டி வரலை. பத்து லாரி. ம்ஹூம். கயித்தோட அந்தத் தலைய நம்ம நாமக்கல் மலைக்கோட்டைப் பாறையில கட்டி முறுக்கினேன். பாறை நாலு விரக்கடை நகந்துச்சு. போயிப் பாருங்க, இன்னிக்கும் கொஞ்சம் சாஞ்சாப்லதான் நிக்கும்."

"அப்புறம் எப்படிண்ணே வந்துச்சு?"

"சுண்டுவிரல் நகத்தால 'டக்'குனு ஒரு சுண்டு. வந்துருச்சு. மொதல்லயே அதைச் செஞ்சிருக்கலாம். ஆனா பத்து லாரிக்காரங்க ஆசையா வந்திருந்தாங்களே, மனசு நோகக்கூடாதுன்னு விட்டேன்."

சீரங்கன் முதுகைத் திருப்பிக்கிட்டு இருமினான்.

"டம்ளர் குழி இருக்குதே, அதைக் கேளுங்க. மிராசுதாரர் காரு கொல்லிமலை வளைவுல உருண்டுச்சு. தலகீழா, நேரா, மறுபடி தலகீழா. டம்ளர்ல டீ ஒரு சொட்டு சிந்தலை. உருண்டுக்கிட்டே குடிச்சு முடிச்சுட்டு, 'சக்கரை கம்மி'ன்னாராம். அதையும் விடு. சாமான் போடற பொந்து! ஆழமா இருக்கட்டும்னு கேட்டார், செஞ்சேன். டிரைவர் பீடி எடுக்கக் கைய விட்டான். முழங்கை போச்சு, தோள் போச்சு, செருப்போட ஆளே போயிட்டான். தேடிக்கிட்டு ஒருத்தரு எறங்கினாரு. உள்ள பாத்தா, டிரைவர் அங்கயே ஒரு டீக்கடை போட்டு, கல்யாணம் பண்ணி, மூத்த பையன் பள்ளிக்கூடம் போயிட்டு இருக்கறான். 'மேல வாய்யா'ன்னா, 'பரிச்சை முடியட்டுங்க'ங்கறான்!"

"பொய்யி!"ன்னு எந்திரிச்சார் வையாபுரி. கையில இருந்த பொரி கொட்டிப்போச்சு. "பீடி எடுக்கப் போனவனுக்குப் பரிச்சையாம்! பச்சைப் பொய்யி!"

ராக்கியண்ணன் துண்ட உதறித் தோள்ல போட்டார். "வையாபுரி, வண்டியப் பின்னால எடுத்துக்க."

பாவம், வையாபுரி தலையில அடிச்சுக்கிட்டே போயி, மொதல்ல நின்ன லாரிய ரிவர்ஸ் எடுத்து வரிசை வாலுக்குக் கொண்டுபோனார். கொட்டகை வாசல் காலியாச்சு. பாவாயிக்கு வாயில இருந்த வெல்லமும் கரைஞ்சு முடிஞ்சிருந்தது.

"அம்மிணி இந்தத் தடவை கெட்டிதான்"னார் ராக்கியண்ணன். "உம்பட கதையச் சொல்லு பாக்கலாம்."

பாவாயி முந்தானைய இழுத்துச் செருகினா. "எனக்கு உங்கள மாதிரிச் சொல்ல வராதுங்ணா. நடந்ததைச் சொல்றேன். எங்க ஜீப்பு ஓட்டையில மொதல்ல ஒரு ஆளோட கண்ணாடி விழுந்துச்சு. அப்புறம் ஒரு பலாப்பழம். அப்புறம் ஒரு கெடா ஆடு. ஒரு நாளு ஏறின சனம் மொத்தமும் அது வழியாக் கால வெளிய விட்டுட்டாங்க. விட்டவங்க சும்மா இருக்கலை, ரோட்டுல ஓட ஆரம்பிச்சுட்டாங்க. டீசலே இல்லாம ஜீப்பு மலையேறிப்போச்சு. எழுபது வளைவும். மேல போயி எறங்கறப்ப, 'கால் வலிக்குது, அடுத்த தடவை மெதுவா ஓட்டு'ன்னு என்னையவே வஞ்சாங்க."

"நடக்கும்"னார் ராக்கியண்ணன். "மலையாளுக காலு அப்படி."

"இந்த ஓட்டை ஆகாதுன்னு நானே பெட்டி கட்ட உக்காந்தனுங்க. பலாமரத்துல சட்டம் போட்டேன். ரெசினுக்கு எங்க போறது? மலைத்தேனக் காய்ச்சி ஊத்தினேன். இறுகிப்போச்சு. ஆனா வாசம் புடிச்சுத் தேனீ வந்துருச்சு, மலையில இருக்கற அத்தனையும். வந்ததுக தேன் எடுக்கலைங்ணா, வேலைக்கு எறங்கிருச்சுக. அறை அறையாக் கட்டி, டம்ளருக்கு ஒரு அறை, வெத்தலைக்கு ஒண்ணு, சுண்ணாம்புக்குத் தனியா ஒண்ணு."

"தேனீ நல்ல வேலைக்காரந்தான்"னார் அவர். "எங்கிட்ட ரெண்டு நாளு பழகுச்சு."

"வேலை முடிஞ்சதும் பெட்டியப் புடிச்சுக்கிட்டுப் பறந்துச்சுக. பெட்டி ஜீப்போட சேந்திருந்துச்சுங்களா, ஜீப்பும் பறந்துச்சு. நான் பாட்டுக்கு ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறேன். மேகத்துல ஒரு பக்கம் நனையுது, ஒரு பக்கம் காயுது. கொக்கு கூட்டம் எதுக்க வந்துச்சு, ஆரன் அடிச்சேன், ஒதுங்கி வழி விட்டுச்சு."

"கொக்குக்கு மரியாதை தெரியும். அப்புறம்?"

சீரங்கன் பாவாயியப் பாத்து உதட்டப் பிதுக்கினான். இந்த மனுசன மடக்க முடியாதுங்கற மாதிரி.

பாவாயி குரல எறக்கினா. "அப்புறம் என்னங்ணா, பறந்து வந்து உங்க பட்டறை வாசல்லதான் எறங்குச்சு. போன வருசம், இதே ஆயுத பூஜை அன்னிக்கு. எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க, நீங்க மட்டும் இருந்தீங்க. 'அண்ணா, பெட்டி மூடி சித்த புடிக்குது, ஓரத்த மட்டும் சீவிக் குடுங்க'ன்னேன். நீங்க இந்தப் பக்கம் பாத்தீங்க, அந்தப் பக்கம் பாத்தீங்க. நேரா அம்மன் படத்துக்கிட்டப் போயி, அடுக்கி வச்ச உளிய எடுத்து, குங்குமத்த வேட்டியில தொடச்சுட்டு, வந்து ரெண்டு சீவு சீவிக் குடுத்தீங்க."

சீரங்கன் அம்மன் படத்தையும் உளியையும் மாறி மாறிப் பாத்தான்.

ராக்கியண்ணன் முகம் செவந்துபோச்சு. மடியில இருந்த பொரிகடலை தரையில சிதற எந்திரிச்சு நின்னார். "பொய்யி! யாரைப் பாத்து என்ன பேசற? எங்கப்பன் இந்தப் பட்டறையத் தொறந்த நாள்ல இருந்து இன்னிக்கு வரைக்கும், பூசையில வச்ச உளிய ஒருத்தரு தொட்டதில்ல! அம்மன் மேல சத்தியம்! பொய்யி, பொய்யி, படுபொய்யி!"

"அண்ணே..."ன்னான் சீரங்கன் மெதுவா. "சொல்லிட்டீங்களே."

"என்னடா சொல்லிட்டேன்?"

"மூணு நாலு தடவை சொல்லிட்டீங்கண்ணே."

ராக்கியண்ணன் கைய வாயில வச்சுப் பொத்தினார். பொத்தி என்ன பண்றது? அப்படியே உக்காந்துட்டார். அங்க வாலுக்குப் போன வையாபுரி லாரியில இருந்து எட்டிப் பாத்துச் சிரிக்கற சத்தம் ரோடு வரைக்கும் கேட்டுது.

"அப்ப தேனீ, கொக்கு, எல்லாம் நெசந்தானுங்களாண்ணா?"ன்னா பாவாயி.

ராக்கியண்ணன் துண்டால மூஞ்சியத் தொடச்சார். சிரிக்கறதா கோவிக்கறதான்னு அந்த மீசைக்கே தெரியலை. "நாளைக்கு விடிஞ்சு பூசை முடிஞ்சதும் உம்பட ஜீப்புதான். போ"ன்னார் கடைசியில.

பாவாயி நாளை வரைக்கும் காத்திருக்கற ஆளா? ஒரு ராத்திரியில எத்தனை லாரி உள்ள நுழையும்னு அவளுக்குத் தெரியாதா? வரிசையில நின்ன தன்னோட ஜீப்புக்கு, எலுமிச்சம்பழம் நாலை சக்கரத்துக்கு ஒண்ணா வச்சா. ஏறி உக்காந்தா. நாலையும் நசுக்கிக்கிட்டு ஜீப்பக் கொண்டுபோயி கொட்டகை வாசல்ல குறுக்கால நிறுத்தினா, ஒரு சைக்கிள் கூட உள்ள போக முடியாதபடி. எறங்கிக் கதவச் சாத்தி, சாவிய இடுப்புல செருகிக்கிட்டு, தட்டுல மிச்சமிருந்த பொரியில ஒரு கை அள்ளி வாயில போட்டுக்கிட்டே ஊருக்கு பஸ் ஏறப் போயிட்டா.