வைக்கோல் வாத்தியார்

ஒரு சீமையில ஒரு ராசா இருந்தாராம். அவருக்கும் சரி, ஊர் சனத்துக்கும் சரி, கால்பந்துன்னா உசுரு. ஆனா பாருங்க, ஜெயிச்சா பயலுக ஜெயிச்சாங்கம்பாங்க, தோத்தா மட்டும் வாத்தியார் தோத்தாரும்பாங்க. ஆட்டம் சொல்லிக்குடுத்த அந்த மனுசனுக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதை மேல ஏத்தி, ஊரைச் சுத்த விட்டுருவாங்க.

மொத வாத்தியார் ஓரத்துல நின்னு கத்துனாரு. "கத்தியே பயலுகள மிரட்டிட்டான்"னு ஏத்துனாங்க. ரெண்டாவது ஆளு கத்தாம உக்காந்திருந்தாரு. "தூங்கிட்டான்யா"ன்னு ஏத்துனாங்க. மூணாவது ஆளு அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துகிட்டே இருந்தாரு. "இவன் நடையப் பாத்தே நம்மாளுகளுக்குத் தலை சுத்திருச்சு"ன்னு அவரையும் ஏத்திட்டாங்க. சிரிக்காதீங்கடா, ஏறுனவனுக்குத்தான் தெரியும்.

நாலாவதா வந்து மாட்டுனவரு சடையாண்டி. ஆட்டம் அவருக்கு அத்துப்படி. ஆனா பக்கத்துச் சீமைக்காரன் ஆட வாரான்னதும் சோறு எறங்கல. "கத்துனாலும் கழுதை, உக்காந்தாலும் கழுதை, நடந்தாலும் கழுதை. நான் என்னடி பண்ணுவேன்?"னு பொண்டாட்டி வேலம்மாகிட்ட அழுதாரு.

"அட, இதுக்குப் போயி அழுவாகளா? பயலுகளுக்குச் சொல்ல வேண்டியதச் சொல்லிப்புட்டு, கம்மங்கொல்லையில நிக்குற வைக்கோல் பொம்மைய உம்ம எடத்துல உக்கார வையும்"னா அவ.

அவரும் பொம்மைக்குத் தலப்பாவக் கட்டி, துண்டப் போட்டு, ஓரத்துல உக்கார வச்சிட்டு, தான் முக்காடு போட்டுக்கிட்டு சனத்தோட சனமா உக்காந்தாரு. பக்கத்துல யாருங்கிறீங்க? பெத்தபெருமாள். பந்தக் காலால தொட்டதே இல்ல, வாய் மட்டும் எட்டூருக்குக் கேக்கும். மூணு பேரையும் கழுதையில ஏத்தச் சொன்னதே அவன்தான், வாத்தியார் வேலை மேல அவனுக்கு ஒரு கண்ணு.

நம்மாளுக ஒரு கோல் போட்டாங்க. "பாத்தீங்களா வாத்தியார! அசையவே இல்ல, என்ன நிதானம்!"னான். ஊரே ஆமாமான்னுச்சு. அப்புறம் எதிராளி ஒரு கோல் போட்டான். "பாத்தீங்களா! அசையவே இல்ல, என்ன திமிரு!"ன்னான். அதுக்கும் ஊரே ஆமாமான்னுச்சு. அப்புறம் இன்னொண்ணும் வாங்கி ஆட்டம் தோத்துப்போச்சு. சடையாண்டி முக்காட்ட இன்னும் கீழ இழுத்து விட்டுக்கிட்டாரு, பாவம்.

பெத்தபெருமாள் ராசாகிட்ட ஓடுனான். "மகாராசா, இப்பத்தான் அவருகிட்டப் போயி, ஆள மாத்தி விடுமய்யான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். போடா முட்டாள்னுட்டாரு! இந்தா, இப்பக்கூட என்னைப் பாத்து மொறைக்கிறாரு! அவரக் கழுதையில ஏத்திட்டு வேலைய எனக்குக் குடுங்க."

ராசா கண்ணக் காட்டுனாரு. காவக்காரன் போயி வாத்தியார் கையப் பிடிச்சு இழுத்தான். கை மட்டும் தனியா வந்துச்சு. தலப்பாவப் பிடிச்சான், தலையும் சேந்து வந்துச்சு. இடுப்பப் பிடிச்சான், எல்லாம் வைக்கோலாக் கொட்டிப்போச்சு.

"ஏன்டா, இதா உன்னை முட்டாள்னுச்சு?"ன்னாரு ராசா. "அப்படின்னா வைக்கோலுக்கு இருக்கிற வெவரம்கூட எனக்கு இல்லாமப் போச்சே! ஏத்துங்கடா இவன!"

அப்பத்தான் சடையாண்டி முக்காட்ட எடுத்துட்டு ராசா கால்ல விழுந்தாரு. ராசாவுக்குச் சிரிப்பு அடங்கல. "எந்திரியும்யா. ஆட்டத்த நீரு சொல்லிக்குடும், திட்டெல்லாம் வைக்கோலு வாங்கிக்கட்டும்"னுட்டாரு.

அந்தப் பக்கம் கழுதை கெளம்பிருச்சு. மொதத் தெருவுல பெத்தபெருமாள் நிமிந்து உக்காந்தான், "கொழுப்பப் பாரு"ன்னாங்க. ரெண்டாந்தெருவுல குனிஞ்சான், "உக்காரவே தெரியல"ன்னாங்க. மூணாந்தெருவுல ஓன்னு அழுதான். "என்ன இருந்தாலும், முன்னாடி ஏறுன மூணு பேரு மாதிரி வராதுப்பா"ன்னாங்க!

வைக்கோலும் திட்டு வாங்கிச்சு, வாத்தியாரும் சோறு தின்னாரு, நீங்களும் வாய மூடிட்டுத் தூங்குங்க.