கப்பித்தான் ஜெயிச்ச படம்

ஒரு ஊர்ல ஒரு பிரகாசி இருந்தா, மக்கா. கடலோர ஊரு. மாதா கோயில் சுவத்துல ரெக்கை வச்ச சம்மனசு படம் வரையிறவ. "ரெக்கை கொஞ்சம் பெருசாப் போச்சே"ன்னு சாமியார் சொன்னா, "நீரு பறந்து பாத்தீரோ?"ன்னு கேக்குற வாயி அவளுக்கு. ம் சொல்லு. ஆங், அப்படி.

அவ புருஷன் கித்தேரியான் கப்பல் வேலைக்குப் போயி மூணு வருஷமா வீடு வரல. அப்புறம் ஒரு நாள் அவன் கப்பல் தண்ணி பிடிக்க அந்த ஊர்லயே வந்து நின்னுது. அம்மாடி, எத்தனை பாய்! சீனாவுல தேயிலை ஏத்திக்கிட்டு லண்டனுக்குப் பறக்குற கப்பல். முதல்ல போய்ச் சேருற கப்பல் தலைவன், அந்தக் கப்பித்தானுக்குத்தான் பேரு. இந்தக் கப்பித்தானுக்குப் பின்னாடி ஒரு செவப்புக் கப்பல், ரெண்டு நாள் தூரத்துல துரத்திட்டு வருது.

பிரகாசி விறுவிறுன்னு படகேறிப் போனா. "என் புருஷன இறக்கி விடும்."

"லண்டன் போயிட்டு வரட்டும்"னான் கப்பித்தான், கண்ணாடியில மீசையச் சீவிக்கிட்டே.

ஆள் எப்படின்னு அவளுக்குப் புரிஞ்சுபோச்சு. "உம்ம கப்பல படமா வரைஞ்சு தாரேன். பிடிச்சா அவன விட்டுரும்."

"பிடிக்கலைன்னா கூட்டிட்டுப் போயிருவேன்!"

அப்புறம் அவ கப்பல்லயே உக்காந்து தண்ணியில சாயம் கரைச்சு, சளக் சளக்னு தூரிகைய முக்கி, கப்பல வரைஞ்சா. கப்பித்தான் பாத்தான். "என் எதிரி எங்கே? அவன் தோக்குறது தெரிய வேண்டாமா?"

சரின்னு பின்னாடி செவப்புக் கப்பல வரைஞ்சா. மறுநாள் பாத்தான். "இவ்வளவு கிட்டயா! என் பின்பக்கத்துல முட்டிருவான் போலிருக்கே. தள்ளி வை!"

காயிதத்துல ஊறுன சாயம் என்ன கோழிக்குஞ்சா, சூ சூன்னு வெரட்ட? ஈரத்துணியால தேய்ச்சா. சரக் சரக். செவப்புக் கப்பல் கரைஞ்சு கொழகொழன்னு ஆயிருச்சு. படமும் போச்சு, புருஷனும் போனான்னு அவளுக்கு அழுகையே வந்துட்டு.

கப்பித்தான் துள்ளிக் குதிச்சான். "ஆஹா! மூடுபனியில மாட்டிக்கிட்டான்!" தூங்கிட்டியா? ம் எங்கே?

மூணாம் நாள், தண்ணி பிடிச்சு முடிஞ்சும் கெளம்பாம, "அவன் பாய்மர நுனி இன்னும் தெரியுதே"ன்னான். அதையும் தேய்ச்சா. இப்போ எதிரியே இல்ல. கப்பித்தான் திங்கு திங்குன்னு ஆடுறான்.

அப்போ மேல்தட்டுல இருந்து ஒருத்தன் கத்துறான். "ஐயா, செவப்புக் கப்பல் போவுது!"

"எங்கடா போவுது? இங்க இல்லையே!"ன்னு கப்பித்தான் படத்தக் காட்டுறான்.

சர்ர்ர்ருன்னு ஒரு சத்தம். சன்னல் வழியா எட்டிப் பாத்தா, நெசமாவே செவப்புக் கப்பல் தாண்டிப் போயிட்டு!

"நங்கூரத்தத் தூக்கு! பாய விரி! எவனும் இறங்கக் கூடாது!"

"என் புருஷன்?"

"அதெல்லாம் முடியாது, போ!"

பிரகாசி படத்தத் தூக்கி கடலுக்கு மேல பிடிச்சா. "தண்ணிச் சாயம், ஐயா. விட்டா நொடியில கரைஞ்சுரும். கடல்ல நீரு தோத்தாச்சு. இனி நீரு ஜெயிக்கிறது இதுல மட்டுந்தான்."

கப்பித்தான் கடலப் பாத்தான். படத்தப் பாத்தான். செவப்புக் கப்பல் பொட்டா மறைஞ்சிட்டு.

"கூட்டிட்டுத் தொலை!"

கித்தேரியான் ஏணிக்குக்கூட நிக்கல. தொபுக்கடீர்!

கப்பித்தான் லண்டன் வரைக்கும் படத்தக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே போனானாம்.

அவ்வளவுதான் மக்கா, கப்பல் போச்சு, கதையும் போச்சு. கண்ண மூடு.