வெளுத்த கடல்

"அம்மா, இனிமே என்கிட்ட யாரும் படத்தைக் கொண்டுவர வேண்டாம்னு சொல்லிடுங்க," என்றார் யசுகே.

குரு மியோ நிமிர்ந்து பார்த்தார். சீடர் யசுகேயைவிட அவருக்கு இருபது வயது குறைவு. ஜப்பானில் அந்தக் கடலோர ஊர்களில், பழைய மரக்கட்டை அச்சுப் படம் அசலா நகலா என்று கேட்க எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள். அவரிடம் கற்றவர் என்பதால் யசுகேயின் பேச்சுக்கும் மதிப்பு இருந்தது.

யசுகே ஒரு படத்தைப் பாயில் விரித்தார். கடலில் ஒரு படகு. கடல் வைக்கோல் நிறத்தில் வெளுத்துக் கிடந்தது. சுற்றிலும் விரலகல ஓரம் மட்டும் நல்ல நீலம்.

"யாரோடது?"

"தோமி அம்மாவோடது. அவங்க புருஷன் விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான். அசல்னு சாகுற வரைக்கும் சொன்னாராம். ஊரே சிரிச்சுதாம். ரெண்டு வருஷம் முன்னாடி என்கிட்ட கொண்டுவந்து, நீங்களாவது பார்த்துச் சொல்லுங்கன்னாங்க."

"என்ன சொன்னீங்க?"

"நகல்னு."

"எதை வெச்சு?"

"நீலத்தை வெச்சு. அப்போ கடல் முழுக்கப் பளிச்சுனு இருந்துது. பழைய நீலம் பூச்சாறு, வெளிச்சம் பட்டா வெளுத்துடும். நான் பார்த்த பழைய படத்துல எல்லாம் கடல் வைக்கோல் நிறம்தான். இது ஆலைச் சாயத்துல போட்ட நகல்னு முடிவு பண்ணிட்டேன்."

"அந்த அம்மா ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாங்க. புருஷன் பெட்டியை விட்டு அதை வெளியே எடுக்கவே மாட்டாராம். வருஷத்துல ஒருநாள் நிழல்ல காத்தாட வெப்பாராம். அப்பவும் ஜன்னலைச் சாத்தச் சொல்லிச் சத்தம் போடுவாராம். அதைக் கேட்டு நான் சிரிச்சேன், அம்மா."

இத்தனை வருஷம் படித்த படிப்பு அந்த ஒரு சிரிப்புக்குத்தான் உதவியது.

"நகல்தானேன்னு அவங்க அதுக்கு மரச்சட்டம் போட்டு ஜன்னலுக்கு நேரா மாட்டிட்டாங்க. பொய் சொன்ன மனுஷன்னு, செத்த புருஷன் பேரை எழுதி வீட்டுல கும்பிடுற பலகைக்கு முன்னாடி பூ வைக்கிறதையும் நிறுத்திட்டாங்க. நேத்து அந்தப் பக்கம் போனப்ப படத்தைப் பார்த்தேன். துடைச்சுத் தரேன்னு சொல்லி வாங்கிட்டு வந்துட்டேன். சட்டம் மறைச்ச ஓரம்தான் நீலமா மிச்சம்."

ஆலைச் சாயமாக இருந்தால் வெளுத்திருக்காது.

"அசலா?" என்றார் மியோ.

"அசல்தான்."

"சந்தேகமே இல்லையா?"

"இல்லை."

யசுகே வெளுத்த கடலைப் பார்த்தபடி சொன்னார்: "அன்னைக்கும் இல்லை."

மியோ படத்தைச் சுருட்டி அவரிடம் கொடுத்தார்.

"அவங்ககிட்ட என்னன்னு சொல்லுவேன்? அசல்னு சொன்னா, வெயில்ல மாட்டிக் கெடுத்தது அவங்க கைதான்னு ஆகுது. சொல்லாம இருந்தா, அந்த மனுஷர் பொய்யராவே இருப்பார்," என்றார் யசுகே.

மியோ எழுந்து வாசலுக்குப் போனார். யசுகேயின் செருப்பைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தார். புறப்படும் விருந்தாளிக்கு அங்கே அப்படிச் செய்வார்கள். திரும்பி வந்து தன் வேலையைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

தோமியின் வீட்டில் படத்தை விரித்துவைத்த யசுகே எதையும் மறைக்கவில்லை. தலைகுனிந்து, "தப்பு என்னோடது," என்றார்.

தோமி திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அவர் பொய் சொல்லலை," என்றாள் தோமி. யசுகேயிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

பிறகு எழுந்து ஜன்னல் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தத் தொடங்கினாள். நல்ல உச்சிவெயில் நேரம். அறை இருட்டிக்கொண்டே வந்தது.

யசுகேயால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"இனிமே எதுக்கும்மா? அதான் எல்லாம் போயிடுச்சே."

தோமி கடைசிக் கதவையும் இழுத்தாள்.

"ஓரம் இருக்கே," என்றாள்.