இருநூற்றுப் பதினொரு ‘சரி’

மதுரையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் கணினிக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு சோதனைகள் குடியிருந்தன. இரத்த வங்கிகளுக்கான மென்பொருளில் யார் எதை மாற்றினாலும் இவை வரிசையாக நின்று பரிசோதித்து, ‘சரி’ அல்லது ‘தப்பு’ என்று சொல்ல வேண்டும். சம்பளமில்லாத வேலை. மரியாதையும் அதற்கேற்ற அளவுதான்.

ஒருநாள் தேதிகளைப் படித்துச் சொல்லும் கருவியின் புதிய பதிப்பு வந்திறங்கியது.

“நான் பழையவனைவிட மூன்று மடங்கு வேகம். என் பொத்தான்களின் மூலைகள்கூட வளைந்திருக்கும்” என்றது புதிய பதிப்பு.

மேலாளர் திருவேங்கடத்துக்கு வளைந்த மூலைகள் மிகவும் பிடித்துப்போயின. “சாயங்காலத்துக்குள்ள போட்டுடும்மா” என்று நிரலாளர் ஜெசிந்தாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஜெசிந்தா சோதனைகளை ஓடவிட்டாள். இருநூற்றுப் பதினொரு சோதனைகள் ‘சரி’ என்றன. தேதிச் சோதனை மட்டும் ‘தப்பு’ என்றது.

“என்ன தப்பு?” என்றாள்.

“ஆறு, நாலு என்று எழுதிக் கொடுத்தேன். ஏப்ரல் ஆறு என்று படிக்க வேண்டும். இவர் ஜூன் நாலு என்கிறார்.”

“மாதத்தை முதலில் படிப்பதுதான் இப்போது வழக்கம்” என்றது புதிய பதிப்பு. “வெளிநாடெல்லாம் போய்ப் பார்த்தால் தெரியும்.”

மற்ற சோதனைகள் முகத்தைச் சுளித்தன. “நாங்க இத்தனை பேர் சொல்றது உனக்குப் போதாதா?”

“உங்களில் யாராவது தேதியைப் பார்த்தீர்களா?”

யாரும் பார்த்திருக்கவில்லை. அது அவர்கள் வேலை இல்லை.

மணி ஐந்தே முக்கால். தேதிச் சோதனையின் வாயில் ஜெசிந்தா ஒரு வரியை ஒட்டினாள்: ‘பிறகு பார்க்கலாம்.’ திரை முழுவதும் ‘சரி’ என்று பச்சையானது. திருவேங்கடம் கைதட்டினார்.

ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் பதினொன்றாம் தேதி காலை, ஓர் இரத்த வங்கியிலிருந்து பரிபூரணம் என்ற பணியாளர் ஜெசிந்தாவைத் தொலைபேசியில் கூப்பிட்டார். குரல் நிதானமாகத்தான் இருந்தது.

“பிரசவக் கேஸ் ஒண்ணுக்குக் கொடுக்க ரத்தப் பை ஒண்ணு எடுத்தேம்மா. இந்தப் பைக்கு முப்பத்தஞ்சு நாள்தான் ஆயுசு. உங்க கம்ப்யூட்டர் இன்னும் ஐம்பத்தி நாலு நாள் இருக்குன்னு காட்டுது. சந்தேகப்பட்டுப் பையைப் பார்த்தேன். காலாவதியாகி அஞ்சு நாளாச்சு.”

“ஏத்தலையே?”

“கண்ணு இருக்கேம்மா எனக்கு. வேற பை தேடிக்கிட்டிருக்கோம். அது அபூர்வ வகை.”

ஜெசிந்தா உடனே பழைய பதிப்பைத் திரும்பக் கொண்டுவந்தாள். எல்லா இரத்த வங்கிகளையும் தானே அழைத்து, பைகளைக் கண்ணால் பார்க்கச் சொன்னாள். பிறகு தேதிச் சோதனையின் வாயிலிருந்த வரியை நீக்கினாள். அது உடனே அடுத்த தேதியைப் பரிசோதிக்கத் தொடங்கியது. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பிற்பகலில் கூட்டம் நடந்தது. அதற்குள் புதிய பதிப்பு, தன் பிழையைத் தானே திருத்திக்கொண்டு, இன்னும் புதிய பதிப்பாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. இவ்வளவு சீக்கிரம் திருந்தியதற்காகத் திருவேங்கடம் அதைப் பாராட்டினார். அடுத்துத் தேதிச் சோதனையின் பக்கம் திரும்பினார்.

“உனக்கு முன்னாடியே தெரியும்ல? கொஞ்சம் பலமாச் சொல்லியிருக்கலாமே.”

ஜெசிந்தா எழுந்தாள். “அது சொல்லுச்சு சார். அதோட வாயை அடைச்சது நான்.”

“சரி, அதெல்லாம் எதுக்கு இப்ப” என்ற திருவேங்கடம், தீர்மானத்தைப் படித்தார்: இனி ஒரு சோதனைகூடத் ‘தப்பு’ என்று சொல்லும் நிலை வரக்கூடாது. இருநூற்றுப் பதினொரு சோதனைகளும் ஒரே குரலில் ‘சரி’ என்றன.

ஜெசிந்தா கூட்டத்திலிருந்து பாதியில் வெளியே வந்து பரிபூரணத்தைக் கூப்பிட்டாள். வேறு பை கிடைத்துவிட்டது. தாய் பிழைத்துவிட்டாள். பெண் குழந்தை.

இருக்கைக்குத் திரும்பி, தேதிச் சோதனையிடம் செய்தியைச் சொன்னாள்.

“சந்தோஷம்” என்றது அது. “பிறந்த தேதியை எழுதும்போது மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்க. பதினொன்று, நாலு என்று எழுதினால் இங்கே அவள் நவம்பரில்தான் பிறப்பாள்.”